குண்டு விழுந்த தூரம்: கடலூரிலிருந்து தில்லை வரை

கடலூருக்கு ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பார்க்கும் இடங்கள் அநேகமாக முன்பே முடிவு செய்யப்பட்டவை. காலையில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி, பிறகு திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர், தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் சற்று நேரம். மதிய உணவுக்குப் பின் தெற்கே போய்ப் பிச்சாவரத்தில் படகுச் சவாரி, மாலையில் சிதம்பரத்தில் கூத்தபிரான் தரிசனம். எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கரைத் துண்டுக்குள் அடங்கிவிடும். சுற்றுலாப் பலகைகளும் கையேடுகளும் இவ்விடங்களை இயற்கை, ஆன்மிகம் என்று இரண்டு கூறாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு. 1690 தொடங்கி 1785 வரையிலான தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் மேற்சொன்ன இடங்களில் பெரும்பாலானவை பீரங்கிகளுக்கு நடுவே இருந்தன. கோயில் கோட்டையாக இருந்தது. கழிமுகத் தீவு கோட்டையாக இருந்தது. கடற்கரை, வாங்கி விற்கப்பட்ட கோட்டையாகவே இருந்தது. அந்த நூற்றாண்டைப் பற்றி நம் தலவரலாறுகள் பேசுவதில்லை. பேசுகிற ஆங்கில நூல்களிலோ நம் மனிதர்கள் இல்லை. இந்த இடைவெளியை முன்வைத்தே இக்கட்டுரை.

கதையைத் தேவனாம்பட்டினத்தில் தொடங்குவதே முறை.

கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே ஒரு சிறு கோட்டை இருந்தது. சிவாஜியின் 1677ஆம் ஆண்டுத் தென்னகப் படையெடுப்புக்குப் பின் செஞ்சியோடு சேர்ந்து அது மராட்டியர் வசமாயிற்று. 1690இல் சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகள் நீண்ட அந்த முற்றுகையைத் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். கோட்டையை விலை பேசினார்கள். வாங்க வந்தது கிழக்கிந்தியக் கும்பினி. சென்னையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் தந்த அதே யேல்தான். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் பெயர் கோட்டைக்கு வைக்கப்பட்டது.

விற்பனை ஒப்பந்தத்தில் விசித்திரமான ஒரு விதி இருந்தது. கோட்டையோடு, அதிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் வாங்குபவருக்குச் சொந்தம். நில அளவைக் கோலோ கயிறோ இல்லை. வெடிமருந்தே அளவுகோல். பீரங்கியை எப்படி நிரப்பிச் சுட்டால் நமக்கு ஆதாயம் என்பது சுடுகிறவனின் கைத்திறத்தைப் பொறுத்தது என்ற கருத்தில் சென்னையிலிருந்து அறிவுரையும் போயிற்று. 1690 செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டுகள் விழுந்த எல்லைக்குள் கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் வந்துவிட்டன. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் வருவாய் ஆவணங்களிலும் பேச்சிலும் நெடுங்காலம் நின்றது. தங்கள் ஊர் யாருக்குச் சொந்தமானது என்பதை அந்த மக்கள் ஒரு வெடிச்சத்தத்தின் மூலம் தெரிந்துகொண்டார்கள். உழுதவனும் தறி போட்டவனும் காலையில் ஒரு ஆட்சியிலும் மாலையில் இன்னொரு ஆட்சியிலும் இருந்திருக்கிறான். இந்திய வரலாற்றில் நிலம் கைமாறிய விதங்கள் பல உண்டு. இவ்வளவு வெளிப்படையாக வன்முறையையே அளவையாக வைத்துக் கைமாறியது அரிது என்று நினைக்கிறேன்.

கும்பினிக்கு இங்கே வேண்டியது துணி. தென்னார்க்காட்டுத் தறிகளில் நெய்த பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றும் துறைகளில் ஒன்றாகவே அது கடலூரைக் கருதியது. ஆனால் 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு மிஞ்சிய பெரிய இடம் தேவனாம்பட்டினம்தான். 1752 வரை அவர்களின் தலைமையிடம் சென்னை அல்ல, இதுவே. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த ஓர் இளம் எழுத்தர் இங்கேதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பெயர் இராபர்ட் கிளைவ். 1748 தொடக்கத்தில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கிக் கும்பினிப் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியதும் இங்கேதான். பிளாசிக்கும் அதற்குப் பின் நடந்தவற்றுக்கும் ஒத்திகை பார்க்கப்பட்ட மேடை, இன்று சுண்டல் விற்கும் இந்தக் கடற்கரை.

நமக்கு வாய்த்த நல்லூழ், இந்த ஆண்டுகளைத் தமிழில் எழுதி வைத்த ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்குகிறது. அவர் 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்பு இறந்தார். கடலூர் அவருக்கு எதிரியின் ஊர். அங்கிருந்து வரும் வதந்தி, சரக்கு விலை, கப்பல், சகுனம் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகின்றன. படைத்தலைவர்களின் நினைவுக் குறிப்புகளில் காணக் கிடைக்காத ஒன்றை, அதாவது போர் என்பது முதலில் ஒரு வணிகனின் அடிவயிற்றில் என்ன செய்கிறது என்பதை, அவரிடம்தான் படிக்க முடியும். இலக்கிய வாசகர்கள் அதை வரலாற்றுத் துறையிடம் விட்டுவிட்டது பெரிய இழப்பு. தமிழ் உரைநடையின் தொடக்க நூல்களில் ஒன்றாக அதைப் படிக்க வேண்டும்.

1746 டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி சிரிப்பும் வேதனையும் கலந்தது. புதுச்சேரியிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்து வந்த பிரெஞ்சுப் படை, ஆங்கில ஆளுநரின் தோட்ட மாளிகையை எளிதாகப் பிடித்துக்கொண்டது. வெற்றி பெற்ற களைப்பில் வீரர்கள் கலைந்து சமையல் செய்யவும் இளைப்பாறவும் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஆர்க்காட்டு நவாபின் புதல்வர்களுடைய குதிரைப்படை தென்பட்டது. அடுப்பையும் பொருள்களையும் அப்படியே போட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். அதற்குப் பிறகும் 1748 வரை பிரெஞ்சுக்காரர் முயன்று பார்த்தார்கள். கோட்டை விழவில்லை.

விழுந்தது 1758இல். ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் இறங்கிய லாலி, இறங்கிய வேகத்திலேயே கடலூர் மேல் பாய்ந்தார். வண்டிமாடுகளும் சுமைகூலிகளும் போதவில்லை என்று புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் பிடித்து இழுத்துப் பாரம் சுமக்க வைத்தார். கோட்டை ஜூன் 2ஆம் நாள் பணிந்தது. அரண்களை லாலி வெடிவைத்துத் தகர்த்தார். நாம் இன்று தேவனாம்பட்டினத்தில் காணும் சிதைந்த செங்கற்கட்டுகள் அந்தத் தகர்ப்பின் மிச்சம். காலமும் கடற்காற்றும் அரித்து வந்த பழமை என்று அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. மனிதன் ஒரு சில நாட்களில் செய்த வேலை அது.

கடலூரின் கடைசிப் போர்தான் எல்லாவற்றிலும் கொடியது. 1782இல் ஐதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தார்கள். அதை மீட்க ஜெனரல் ஸ்டூவர்ட் 1783 ஜூனில் பெரும்படையோடு வந்து, நகரின் தெற்கே, இப்போது கேப்பர் மலை என்று நாம் அழைக்கும் செம்மண் மேட்டை ஒட்டிப் பாளையம் இறங்கினார். உள்ளே முதியவராகிவிட்ட புஸ்ஸி. ஜூன் 13ஆம் தேதி தாக்குதலில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் மாண்டவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் சிப்பாய்களாக இருந்த தென்னிந்தியர்கள் எத்தனையோ பேர். ஜூன் 20ஆம் நாள் கரைக்கு அப்பால் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஜூன் 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் கோட்டைக்கு வெளியே வந்து பாய்ந்து தோற்றார்கள். மாத இறுதியில் வெள்ளைக்கொடியுடன் ஒரு கப்பல் வந்தது. அது கொண்டுவந்த செய்தி: ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்படிக்கை ஜனவரி 20ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது.

ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு போருக்காகக் கேப்பர் மலை அடிவாரத்தில் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள். செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். 1785இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அதன் பிறகு இங்கே பீரங்கி முழங்கவில்லை. கேப்பர் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் மலைக்கு நிலைத்தது. செத்தவர்களின் நினைவாக ஊரில் பெயர் எதுவும் நிலைக்கவில்லை.

பீரங்கி ஓய்ந்த பின் கடலூர் நீதிமன்றமும் சிறையும் உள்ள மாவட்டத் தலைநகராக மாறியது. இலக்கிய வாசகர்களுக்கு அந்தக் கடலூர் இன்னும் நெருக்கமானது. அருட்பா மருட்பா சச்சரவு 1869இல் வழக்காகி மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. வழக்கிட்ட ஆறுமுக நாவலர் அதற்கு ஐந்தாண்டு முன்பே சிதம்பரத்தில் பள்ளி நிறுவியவர். எதிர்த்தரப்பில் நிறுத்தப்பட்ட இராமலிங்கர் சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் பிறந்து, 1867இல் வடலூரில் அணையா அடுப்பை மூட்டியவர். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களை இங்கே சிறையில் கழித்தார். இவை தனித்தனியே எழுத வேண்டியவை. நம் பாதைக்குத் திரும்புவோம்.

திருவந்திபுரத்தையும் திருப்பாதிரிப்புலியூரையும் இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? முன்னதில் வேதாந்த தேசிகர் பல்லாண்டு தங்கி, தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் தேவநாதனைப் பாடினார். மலையேறி ஹயக்ரீவரைத் தரிசித்து, கெடிலத்தைப் பார்த்தபடி இறங்கி வருவது இன்றும் மனநிறைவு தரும் அனுபவம். பின்னதன் கதை சிக்கலானது. பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்ற பெரிய சமணப் பள்ளி அங்கே இருந்தது. கி.பி. 458இல், சிம்மவர்மப் பல்லவனின் 22ஆம் ஆட்சியாண்டில், லோகவிபாகம் என்ற உலகியல் நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகையில் எழுதியதாக அந்நூலின் பிற்கால வடிவம் சொல்கிறது. அந்தப் பாடலிகை இவ்வூர்தான் என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. அப்பர் தருமசேனராக இருந்தது இப்பள்ளியில்தான். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல் மிதந்து அவர் கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயருடன் இன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளியோ தடமின்றிப் போயிற்று. அது இடிக்கப்பட்டு அதன் கற்கள் திருவதிகைக்குப் போன செய்தியை வென்றவர்களின் நூலான பெரியபுராணமே நமக்குச் சொல்கிறது. ஓர் ஊர் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதற்குப் பீரங்கிகள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எடுத்துக்காட்டு இது.

தெற்கே வெள்ளாற்றங்கரையில் பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர் ‘புதுத் துறை’ என்று பொருள்படப் போர்ட்டோ நோவோ என்றார்கள். முஸ்லிம் வணிகர்கள் முகமது பந்தர் என்றார்கள். டேனியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். 1830ஐ ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து விறகுக்கரியில் உருக்கும் இரும்பாலையை இவ்வூரில் நிறுவினார். காட்டை எரித்து இரும்பு செய்யும் அந்த ஆலை நிலக்கரி இரும்போடு போட்டியிட முடியாமல் சில பத்தாண்டுகளில் நின்றுபோயிற்று. இப்போது ஊரின் புகழ் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஆனால் 1781 ஜூலை 1 அன்று இங்கே நடந்த போரைப் புரிந்துகொள்ள, அதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்பு சிதம்பரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிதம்பரம் கோயில் ஏறக்குறைய நாற்பது ஏக்கர் பரப்புள்ளது. ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள். உள்ளே வற்றாத சிவகங்கைத் தீர்த்தம். ஆயிரக்கால் மண்டபம். நாற்புறமும் காவல் கோபுரம்போல் நிமிர்ந்த இராசகோபுரங்கள். பக்தனின் கண்ணுக்கு இது பொன்னம்பலம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தளபதியின் கண்ணுக்கோ, யாரோ தனக்காகக் கட்டி வைத்துவிட்டுப் போன கோட்டை. தண்ணீர் உண்டு, தானியம் சேமிக்க இடம் உண்டு, ஆயிரக்கணக்கானோர் தங்கலாம். தென்னிந்தியப் போர்களில் பெருங்கோயில்கள் மீண்டும் மீண்டும் படைவீடுகளானதற்கு இதுதான் காரணம். ஸ்ரீரங்கத்துக்கும் இதே கதி நேர்ந்தது.

1749இல் தீவுக்கோட்டையைப் பிடிக்கப் போய்த் தோற்றுத் திரும்பிய கேப்டன் கோப்பின் ஆங்கிலப் படை இங்கே நின்றது. 1753இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் காவலை விரட்டிவிட்டுக் கோயிலைப் பிடித்தார்கள். 1759இல் ஆங்கிலேயர் முயன்று தோற்றார்கள். 1760இல் மேஜர் மான்சனிடம் கோயில் பணிந்தது. பின்னர் ஐதர் அலி அரண்களைப் பலப்படுத்திக் காவற்படை வைத்தார். 1781 ஜூன் 18ஆம் நாள் சர் அயர் கூட் இதைத் தாக்கினார். கடலூரில் அவர் படை பட்டினியோடு இருந்தது. கோயிலுக்குள் நெல் குவிந்திருக்கிறது என்ற செய்திதான் அவரை இங்கே இழுத்தது. இந்தப் படையெடுப்பால் நாடே பஞ்சத்தில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. வெளி அரணைத் தாண்டிய சிப்பாய்கள் உள்வாயிலில் மடக்கப்பட்டார்கள். கூட் ஒரு பீரங்கியையும் பறிகொடுத்துவிட்டுப் பின்வாங்கிப் பரங்கிப்பேட்டைக் கடலோரம் ஒதுங்கினார். அந்தத் தோல்வியில் ஊக்கம் கொண்டே ஐதர் அவரை வழிமறித்தார். ஜூலை முதல் நாள் போரில் கூட் வென்றார். அதனால் ஆங்கில வரலாறுகளில் பரங்கிப்பேட்டைக்குப் பெரிய எழுத்து, சிதம்பரத்துக்கு ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போதுதான் மனம் துணுக்குறுகிறது. ‘சில்லம்பரம் பகோடா’ என்று எழுதுவார்கள். மதிலின் உயரம், காவற்படையின் எண்ணிக்கை, இழந்த பீரங்கி எல்லாம் உண்டு. உள்ளே ஒரு சிற்றம்பலம் இருப்பதோ, அங்கே நாள்தோறும் ஆறு காலப் பூசை நடக்க வேண்டியிருப்பதோ, அதைச் செய்யும் தீட்சிதர் குடும்பங்கள் நான்கு வீதிகளிலும் வாழ்வதோ அந்த எழுத்தில் இல்லை. நம் பக்கம் திரும்பினால் எதிர்மாறான குறை. தலபுராணத்தில் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் உண்டு. பராந்தகன் வேய்ந்த பொன்கூரை உண்டு. 1516இல் வடக்குக் கோபுரம் எழுப்பிய கிருஷ்ணதேவராயர் உண்டு. 1749 முதல் 1781 வரையிலான முப்பத்திரண்டு ஆண்டுகள் இல்லை. கோயிலைச் சுற்றிக்காட்டுபவர்கள் கரணச் சிற்பங்கள் நூற்றெட்டையும் விளக்குவார்கள். சிப்பாய் செத்து விழுந்த வாயிலை யாரும் காட்டுவதில்லை.

இந்த மௌனத்தைச் சிலர் மறதி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோயில்கள் தங்கள் நினைவைத் தேர்ந்தெடுத்தே காக்கின்றன. சிதம்பரமே அதற்கு முன்பு நேர்ந்த ஒரு பேரிடரை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. பீஜப்பூர்ப் படைகள் வந்த காலத்தில், 1648இல், நடராசத் திருமேனி சிதம்பரத்தை விட்டு வெளியேறி முதலில் குடுமியான்மலையிலும் பிறகு மதுரையிலும் மறைந்திருந்து, 1686இல் மராட்டிய ஆதரவில் திரும்பியதைச் செப்பேடுகள் நாள் கணக்கோடு சொல்கின்றன. ஏறக்குறைய முப்பத்தெட்டு ஆண்டுகள். இறைவன் போனதும் மீண்டதும் ஒரு கதையாக முழுமை பெறுகிறது, அதைச் செப்பேட்டில் வெட்டலாம். படை உள்ளே புகுந்து தங்கியதற்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அதில் மீட்சியின் நாள் என்று எதைக் குறிப்பது?

வேறு விதமான மௌனமும் உண்டு. 1597இல் இங்கே வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா ஒரு கொடிய காட்சியை எழுதிவைத்தார். செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் கோவிந்தராசப் பெருமாள் சன்னதியை விரிவாக்க முற்பட்டபோது, தில்லை அந்தணர்கள் எதிர்த்தார்கள், கேட்கப்படாதபோது கோபுரத்திலிருந்து குதித்தார்கள், இருபது பேர் அளவில் இறந்தார்கள். தள்ளிப்போன பெருமாளை அச்சுதராயர் 1539இல் மீண்டும் நிறுவியதற்குப் பின் அறுபது ஆண்டுகள்கூட ஆகாத காலம். இன்று இரண்டு சன்னதிகளுக்கும் எதிரே ஒரே இடத்தில் நின்று இருவரையும் சேவிக்க முடிகிறது என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். அந்த இடத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை குறைந்துவிடாது.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் பிச்சாவரம். கோயிலின் தலமரம் தில்லை. ஊருக்கே அந்தப் பெயர். ஆனால் தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயிலை விட்டுக் கழிமுகத்துக்கு வர வேண்டும். அது உவர்நிலத்து மரம். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு எரியும். ஆங்கிலத்திலும் கண்ணைக் குருடாக்கும் மரம் என்ற பெயர்தான். தில்லைவனம் என்ற பழஞ்சொல்லில் ஒரு நிலவியல் செய்தி ஒளிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. உவர்நீரும் தில்லைக் காடும் ஒரு காலத்தில் இன்னும் மேற்கே இருந்திருக்கக்கூடும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த சிறுசிறு திட்டுகள், அவற்றுக்கிடையே கிளைத்துக் கிளைத்துப் போகும் ஓடைகள். ‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போனதைப் பார்த்து வந்தவர்கள் ஒரு தலைமுறை. படகோட்டி துடுப்பை நிறுத்தும்போது வேர்களுக்கிடையே நீர் ஏறும் ஓசை கேட்கும். 2022இல் ராம்சர் ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. இதைத் தீண்டப்படாத காடு என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை வனத்துறையே கூறு கூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டி விறகாக விற்றது. வெட்டிய இடத்தில் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கி, உப்பு முற்றி, எதுவும் முளைக்காத பொட்டலாயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன. அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் இங்கேயே வாழும் இருளர்கள் உண்டு. கழுத்தளவு நீரில் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள். படகில் போகும் நாம் அவர்களைக் காட்சியின் ஒரு பகுதியாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டம் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. தேவனாம்பட்டினமும் அவற்றுள் ஒன்று. காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்கள் தப்பின, எதிரே திறந்த மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குப்பங்கள் அழிந்தன. அலையாத்திக் காடு காப்பாற்றியது என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் வெளிநாட்டவரும் 2005இல் எழுதினார்கள். ஊர் இருந்த உயரமும் கடலிலிருந்து தூரமும்தான் பெரும்பங்கு வகித்தன என்று 2006இல் வேறு சிலர் அதே புள்ளிவிவரங்களைக் கொண்டு மறுத்தார்கள். இரண்டையும் படித்தபின் என் எண்ணம்: மரங்கள் அலையின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன, ஆனால் எந்தக் குடிசை எந்த மணல்மேட்டில் நின்றது என்பதை முடிவு செய்தது மரம் அல்ல. நிலமும் பாதுகாப்பான மேடும் யாருக்குக் கிடைத்தன என்பது அதற்கு முன்பே தீர்மானமான விஷயம். குண்டு கிராமங்களின் காலத்திலிருந்தே இந்தக் கரையில் அது அப்படித்தான்.

படகு தெற்கே கொள்ளிடத்தின் வாயை நோக்கிப் போனால் தீவுக்கோட்டை. ஆங்கில நூல்களில் தேவிக்கோட்டை என்று உருமாறிய பெயர் இதுதான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழகன் என்ற தலைவன் இதைக் காவல்கொண்டிருந்தான். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவனை வென்றதை அவரது அவைப்புலவர்கள் வடமொழியில் காவியமாகப் பாடினார்கள். 1749இல் ஆங்கிலேயர் இரண்டாம் முறை வந்தபோது கிளைவ் முன்னணியில் ஓடி, கூட வந்தவர்கள் வெட்டுண்டு விழ, மயிரிழையில் தப்பினார். அரியணை இழந்த சாகுஜியைத் தஞ்சையில் மீண்டும் அமர்த்துவதாகச் சொல்லித்தான் படையெடுப்பே தொடங்கியது. கோட்டை கைக்கு வந்ததும் அவரை ஓய்வூதியம் கொடுத்து ஒதுக்கிவிட்டு, அரியணையில் இருந்தவரோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். கப்பல்கள் புகலிடம் கொள்ள நல்ல துறை என்று நம்பி வாங்கிய இடம். ஆனால் முகத்துவார மணல்மேடு பெரிய கப்பல்களை விடவில்லை. இப்போது அங்கே செங்கற்குவியல்களைக் கண்டலும் கருவேலமும் மூடியிருக்கின்றன. போக விரும்புகிறவர்கள் ஓதம் ஏறும் நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். நீர் இறங்கிவிட்டால் படகு சேற்றில் தட்டி, அடுத்த ஏற்றம் வரை நகராது.